குறியை எப்போது திருப்புவது? அசமன்பாடு தீர்க்கும் வழிகளில் எதைத் தேர்வது

குமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை அணையின் முழு மட்டம் 48 அடி. கன்னிப்பூ என்ற முதல் போக நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால், எங்கள் பக்கத்தில் வயல் வைத்திருப்பவர்கள் காலையில் நாளிதழைப் பிரித்ததும் தேடுவது அணையின் நீர்மட்டத்தைத்தான். அதனால் மாலை வகுப்பில் அசமன்பாடு, அதாவது ஒன்று மற்றொன்றைவிடப் பெரியது அல்லது சிறியது என்று சொல்லும் கணக்கு, தொடங்கும்போது முதல் கணக்கை நான் அணையிலிருந்தே எடுப்பது வழக்கம். நீர்மட்டம் இன்று 42 அடி என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்குக் கால் அடி வீதம் குறைகிறது. மட்டம் 36 அடிக்குக் கீழே போகாமல் எத்தனை நாள் தாங்கும்? நாள்களின் எண்ணிக்கை க என்றால்,

42 − க/4 ≥ 36

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதை வீட்டில் செய்து பார்த்தாள். இரண்டு பக்கமும் 42ஐக் கழித்தாள்: −க/4 ≥ −6. இரண்டு பக்கத்தையும் −4ஆல் பெருக்கினாள்: க ≥ 24. அழகான கையெழுத்தில் விடைக்குக் கீழே இரண்டு கோடும் போட்டுவிட்டாள். அவளுடைய பாட்டா கால்வாயின் கடைவரம்பில் நெல் பயிரிடுகிறவர். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்டாராம்: "இருபத்துநாலு நாள் கழிந்த பிறகுதான் தண்ணீர் போதும் என்று வருகிறதே மக்களே, நாள் போகப்போக அணை நிறைகிறதா?"

இத்தனை ஆண்டுகளில் இந்தப் பாடத்தைப் பற்றி நான் கேட்ட கேள்விகளில் இதைவிடக் கூர்மையானது ஒன்று இல்லை. கூட்டல் கழித்தலில் அந்தப் பெண் தவறவில்லை. பெருக்கலிலும் எண்களில் பிழை இல்லை. குறி ஒன்றுதான் திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை. விடை க ≤ 24.

பிள்ளைகளின் பெற்றோரும், புதிதாகக் கற்பிக்க வந்திருக்கும் இளம் ஆசிரியர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: பெருக்கலும் வகுத்தலும் வரும் அசமன்பாட்டுக்கு எந்த முறையைச் சொல்லிக் கொடுப்பது? ஒருவர் ஒரு முறையைச் சொல்கிறார், வழிகாட்டி நூல் வேறொன்றைச் சொல்கிறது, காணொளியில் மூன்றாவது ஒன்று வருகிறது. பிள்ளை மூன்றையும் கலந்து எழுதி மதிப்பெண்ணை இழக்கிறது. புழக்கத்தில் இருக்கும் முறைகள் எல்லாவற்றையும் கரும்பலகையில் போட்டுப் பார்த்தவன் என்ற முறையில், எதை எப்போது தேர்வது என்று எனக்குத் திடமான கருத்து உண்டு.

முதலில், பெரும்பாலோர் கையில் இருக்கும் விதி: மிகை எண்ணால் (0ஐவிடப் பெரியது) பெருக்கினாலோ வகுத்தாலோ குறி அப்படியே நிற்கும், குறை எண்ணால் (0ஐவிடச் சிறியது) பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பும். விதி முற்றிலும் சரி. வேகமும் இதற்குத்தான் அதிகம். −3க < 12 என்றால் ஒரே வரியில் க > −4. தேர்வு அறையில் இதை மிஞ்சும் முறை கிடையாது.

ஆனால் விதியை மட்டும் மனப்பாடமாகக் கொடுத்த வகுப்புகளில் நான் கண்ட பிழை எப்போதும் ஒரே மாதிரி. 3க < −12 என்று கொடுங்கள். பாதிப் பேர் க > −4 என்று எழுதுவார்கள். வகுக்கும் எண் 3, மிகை எண். குறி திரும்ப வேண்டிய தேவையே இல்லை. வலப்பக்கத்தில் ஒரு கழித்தல் குறி கண்ணில் பட்டது, கை குறியைத் திருப்பிவிட்டது. இன்னும் சிலர் க − 5 < 2 என்பதிலும் திருப்புவார்கள். "குறை எண்ணால் பெருக்கினால்" என்ற விதி, நாளடைவில் "குறை எண்ணைக் கண்டால்" என்று மனத்தில் சுருங்கிவிடுகிறது. காரணம் தெரியாமல் கற்ற விதிக்கு நேர்வது இதுதான்; எல்லை எது என்று பிள்ளைக்குத் தெரியாது. அணைக் கணக்கிலோ நேர்மாறு நடந்தது: விதி தேவைப்பட்ட இடத்தில் நினைவுக்கு வரவில்லை.

இதற்கு மாற்றாக, குறை எண்ணால் வகுக்கும் நிலைமையே வராமல் பார்த்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. மாறியின் கெழு (மாறியோடு பெருகி நிற்கும் எண்) மிகை எண்ணாக அமையும் பக்கத்துக்கு அதைக் கொண்டுபோய்விடுவது. 42 − க/4 ≥ 36 என்பதில் இரண்டு பக்கமும் க/4ஐக் கூட்டி, 36ஐக் கழித்தால் 6 ≥ க/4. இப்போது 4ஆல் பெருக்கினால் 24 ≥ க. குறியைத் தொடவே இல்லை. தொடங்குகிற பிள்ளைக்கு, ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும், நான் முதலில் கொடுப்பது இதைத்தான். இதிலும் ஓர் இடறல் இருக்கிறது. 24 ≥ க என்பதை வழக்கமான வரிசையில் மாற்றி எழுதும்போது க ≥ 24 என்று எழுதிவிடுவார்கள். எழுத்தும் எண்ணும் இடம் மாறினால் குறியின் வாய்ப்புறமும் சேர்ந்து மாற வேண்டும் என்பதை வாயால் வாசிக்கச் சொல்லித்தான் பழக்குகிறேன்: "இருபத்துநாலு, க-வைவிடப் பெரியது அல்லது சமம், ஆகவே க, இருபத்துநாலைவிடச் சிறியது அல்லது சமம்." வாசித்துப் பழகிய பிள்ளை தவறுவதில்லை. < > என்ற இந்தக் குறிகள் அச்சில் முதலில் வந்தது 1631இல், தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயக் கணிதர் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு வெளியான அவருடைய நூலில். அகன்ற வாய் பெரியதைப் பார்க்கும் என்ற ஒரே விதிதான் அன்றிலிருந்து இன்றுவரை.

மூன்றாவது வழியில்தான் எனக்குப் பற்று அதிகம். அது ஒரு தீர்வு முறை என்பதைவிட, முதல் விதிக்கான காரணம். எண்கோட்டை நான் நம் ஊர்ச் சாலையாக வரைகிறேன். நாகர்கோவில்தான் 0. கன்னியாகுமரிப் பக்கம் மிகைத் திசை: சுசீந்திரம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர், கன்னியாகுமரி ஏறத்தாழ 20. எதிர்ப்பக்கம் குறைத் திசை: தக்கலை −15, மார்த்தாண்டம் −30. சாலையின் வளைவுகளை மறந்துவிட்டு நேர்கோடாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கோட்டில் ஓர் எண் இன்னோர் எண்ணைவிடப் பெரியது என்றால், அது கன்னியாகுமரிப் பக்கமாக முன்னால் நிற்கிறது என்று பொருள். மார்த்தாண்டம் தக்கலையைவிட நாகர்கோவிலிலிருந்து தொலைவில் இருந்தாலும், −30 < −15. பிள்ளைகள் இங்கே ஒரு முறை தடுமாறித்தான் ஆக வேண்டும். தொலைவு வேறு, வரிசை வேறு என்று அப்போதுதான் பிடிபடும்.

இனி, கூட்டுவது என்றால் என்ன? சாலையில் நிற்கும் எல்லாரும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்வது. ஆளுக்கு ஐந்து கிலோமீட்டர் கன்னியாகுமரியை நோக்கிப் போனால் யாரும் யாரையும் முந்த மாட்டார்கள். வரிசை மாறாது, குறியும் மாறாது. கழித்தல் அதே பயணம் எதிர்த்திசையில். அப்போதும் வரிசை அப்படியே இருக்கும். க − 5 < 2இல் குறியைத் திருப்பக் காரணம் ஏன் இல்லை என்பது இங்கே தெளிவாகிவிடுகிறது.

2ஆல் பெருக்குவது, நாகர்கோவிலை ஆணியடித்து வைத்துக்கொண்டு சாலையை ரப்பர் நாடாவைப் போல இழுப்பது. 2ஆல் வகுப்பது அதே நாடாவைப் பாதியாகச் சுருங்கவிடுவது. இழுத்தாலும் சுருங்கினாலும் நாடாவில் புள்ளிகளின் வரிசை மாறாது. வகுத்தலுக்குத் தனி விதி வேண்டியதில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது: 4ஆல் வகுப்பது என்பது கால் பங்கால் பெருக்குவது.

−1ஆல் பெருக்கினால்? நாகர்கோவிலில் மடிக்க வேண்டும். காகிதப் பட்டையில் சாலையை வரைந்து 0 இருக்கும் இடத்தில் மடித்துப் பாருங்கள். 6இல் இருந்த சுசீந்திரம் −6இல் போய் விழுகிறது. 20இல் இருந்த கன்னியாகுமரி தக்கலையையும் தாண்டி −20இல் விழுகிறது. இப்போது கன்னியாகுமரித் திசையில் முன்னால் நிற்பது யார்? −6. அதாவது 6 < 20, ஆனால் −6 > −20. முந்தி நின்றவர் பிந்திவிட்டார். −4ஆல் பெருக்குவது என்றால் நான்கு மடங்கு இழுத்துவிட்டு ஒரு முறை மடிப்பது. இழுப்பது வரிசையைக் கெடுக்கவில்லை, மடிப்புதான் திருப்பியது. 0ஆல் பெருக்கினால் எல்லாரும் நாகர்கோவிலில் வந்து குவிந்துவிடுவார்கள். யார் முன், யார் பின் என்ற செய்தியே அழிந்துவிடும். அசமன்பாட்டை 0ஆல் பெருக்கித் தீர்க்க முடியாது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதையே இயற்கணிதமாகவும் காட்டலாம். அ < ஆ என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அ-வைக் கழித்தால் 0 < ஆ − அ. பிறகு ஆ-வைக் கழித்தால் −ஆ < −அ. வெறும் கழித்தலாலேயே வந்துவிட்டது! இரண்டாவது முறையில் மாறியைப் பக்கம் மாற்றியபோது நாம் செய்ததும் இதேதான். அந்த முறை, திருப்பும் விதியின் நிரூபணத்தை ஒவ்வொரு கணக்கிலும் மறுபடி செய்வது. இது புரிந்த நாளில் முதல் இரண்டு முறைகளும் பிள்ளைக்கு ஒன்றாகிவிடுகின்றன.

சாலை வரைவதில் குறை என்னவென்றால் நேரம். ஒவ்வொரு கணக்குக்கும் மடித்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு வாரம் போதும். அதற்குப் பிறகு விதியைச் சொன்னால் அது எல்லையோடு மனத்தில் நிற்கிறது.

நான்காவது, சமன்பாடாக மாற்றித் தீர்த்துவிட்டு ஓர் எண்ணைப் போட்டுச் சோதிப்பது. 42 − க/4 = 36 என்றால் க = 24. எல்லை தெரிந்துவிட்டது. இப்போது எளிய எண்ணாக 0ஐப் போட்டால் 42 ≥ 36, உண்மை. ஆகவே 0 இருக்கும் பக்கமே விடை: க ≤ 24. அந்தப் பாட்டா செய்தது இதைத்தான், எண்ணுக்குப் பதில் வயலை வைத்து. குறி திருப்புவதே இங்கே தேவையில்லை என்பதால் சில ஆசிரியர்கள் இதையே முதன்மை முறையாக வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இதையே பற்றிக்கொண்ட பிள்ளைக்கு அசமன்பாடு ஒரு வரிசையைப் பற்றிய கூற்று என்பது தெரியாமலே போய்விடும்; எல்லைப் புள்ளி விடையில் சேருமா சேராதா என்பதையும் மறந்துவிடும். படிப்படியாக எழுதுமாறு கேட்கும் தேர்வில் ஒரே ஓர் எண்ணைப் போட்டுக் காட்டுவது தயக்கமாகவும் இருக்கும். சோதனையாக இது மிக நல்லது. எந்த முறையில் தீர்த்தாலும் கடைசியில் ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்காமல் நோட்டை மூடக் கூடாது என்பது என் வகுப்பில் கட்டாயம்.

இதுவரை பெருக்கும் எண்ணின் குறி நமக்குத் தெரிந்திருந்தது. பதினொன்றாம் வகுப்புக்குப் போனால் சிக்கல் முற்றுகிறது. அங்கே மாறியே பகுதியில், அதாவது பின்னத்தின் கீழே, உட்கார்ந்திருக்கும்.

12/க ≥ 3 என்பதைப் பாருங்கள். கையோடு க-வால் பெருக்கினால் 12 ≥ 3க, அதாவது க ≤ 4. −1ஐப் போட்டுச் சோதித்தால் −12 ≥ 3 என்று வருகிறது, பொய். 0ஐப் போட்டால் பொருளே இல்லை. சரியான விடை 0 < க ≤ 4. க மிகை எண்ணா குறை எண்ணா என்று தெரியாமல் பெருக்குவது, சாலையை இழுக்கிறோமா மடிக்கிறோமா என்று தெரியாமல் கை வைப்பது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அதிகம் விழும் குழி இதுதான், ஏனென்றால் சமன்பாட்டில் குறுக்குப் பெருக்கல் அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும்.

தப்பிக்க மூன்று பாதைகள். (க + 1)/(க − 2) > 3 என்ற ஒரே கணக்கில் மூன்றையும் ஓட்டிப் பார்ப்போம்.

நிலைகளாகப் பிரிப்பது ஒன்று. க > 2 என்றால் க − 2 மிகை எண். பெருக்கினால் க + 1 > 3க − 6, அதாவது க < 3.5. இரண்டும் சேர்ந்தால் 2 < க < 3.5. க < 2 என்றால் க − 2 குறை எண். குறி திரும்பி க + 1 < 3க − 6, அதாவது க > 3.5. இரண்டுக்குக் கீழேயும் மூன்றரைக்கு மேலேயும் ஒரே நேரத்தில் நிற்கும் எண் கிடையாது. ஆக விடை 2 < க < 3.5. இது நேர்மையான வழி, ஒவ்வோர் அடியிலும் காரணம் தெரியும். பகுதியில் இரண்டு மூன்று காரணிகள் வந்தால் நிலைகள் பெருகிக் கை சோர்ந்துவிடும்.

பகுதியின் வர்க்கத்தால் பெருக்குவது இன்னொன்று. (க − 2)² எப்போதும் மிகை எண், க = 2ஐத் தவிர. ஆகவே குறி திரும்பும் கவலை இல்லை: (க + 1)(க − 2) > 3(க − 2)². கெட்டிக்காரத்தனமான வழிதான். ஆனால் நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இங்கே அடைப்புகளை எல்லாம் விரித்து 0 > 2க² − 11க + 14 வரை போய், மறுபடி காரணிப்படுத்தப் போராடுவார்கள். விரிக்காமல் (க − 2)ஐப் பொதுக் காரணியாக எடுத்தால் (க − 2)(7 − 2க) > 0 என்று இரண்டே வரியில் முடிந்துவிடும். அந்த நிதானம் உள்ள பிள்ளைக்கு மட்டும் இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது, பெருக்கவே பெருக்காமல் எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவருவது. (க + 1)/(க − 2) − 3 > 0 என்பதைச் சுருக்கினால் (7 − 2க)/(க − 2) > 0. தொகுதி (பின்னத்தின் மேலே இருப்பது) 3.5இல் 0 ஆகிறது, பகுதி 2இல் 0 ஆகிறது. இந்த இரண்டு புள்ளிகளும் எண்கோட்டை மூன்று துண்டுகளாக வெட்டுகின்றன. துண்டுக்கு ஓர் எண் போதும்: 0ஐப் போட்டால் 7/−2, குறை, 3ஐப் போட்டால் 1/1, மிகை, 4ஐப் போட்டால் −1/2, குறை. நடுத்துண்டே விடை. பதினொன்றாம் வகுப்புக்கு என் தேர்வு தயக்கமில்லாமல் இதுதான். காரணிகள் எத்தனை வந்தாலும் துண்டுகள் கூடுமே தவிர, முறை மாறாது. பகுதி 0 ஆகும் புள்ளியை எண்கோட்டில் எப்போதும் வெற்று வட்டமாகப் போட வேண்டும், ≥ என்று கொடுத்திருந்தாலும். இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தலைகீழி (1ஐ அந்த எண்ணால் வகுத்தது) எடுப்பதிலும் இதே எச்சரிக்கை தேவை. 2 < 5 என்றால் 1/2 > 1/5, திரும்புகிறது. −2 < 5 என்றால் −1/2 < 1/5, திரும்பவில்லை. இரண்டு பக்கமும் ஒரே குறியுடைய எண்கள் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் தலைகீழியில் குறியைத் திருப்பலாம். தெரியாவிட்டால் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

சொற்கணக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "குறைந்தது", "அதிகபட்சம்", "மிகாமல்" என்ற சொற்களைக் குறியாக மாற்றுவதில்தான் பலர் முதல் அடியிலேயே சறுக்குகிறார்கள். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் வீட்டுப் பிள்ளையிடம், ஷீட் ஒன்று அரைக் கிலோ, வண்டிக்குக் குறைந்தது 60 கிலோ வேண்டும் என்று சொன்னால் க/2 ≥ 60, க ≥ 120 என்று நொடியில் சொல்கிறான். அதே பிள்ளை பாடநூலின் வேறொரு கணக்கில் "குறைந்தது" என்ற சொல்லைக் கண்டு ≤ போடுகிறான், சொல்லுக்குள் "குறை" இருப்பதால். இந்த ஒரு சொல் எவ்வளவு கனமானது என்று காட்ட, நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த எஸ். எஸ். பிள்ளையைப் பற்றிச் சொல்வேன். எந்த மிகை முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுதிவிடலாம் என்று 1940இல் அவர் நிறுவினார். 73ஐ ஏன் குறைக்க முடியாது என்பதைப் பள்ளிப் பிள்ளையே சரிபார்க்கலாம். 703ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 3இன் ஆறாம் அடுக்கு 729, அது 703ஐத் தாண்டிவிட்டது. மீதி இருப்பவை 64உம் 1உம்தான். 64ஐப் பத்து முறை எடுத்தால் 640, மிச்சம் 63க்கு 63 ஒன்றுகள். மொத்தம் 73. "அதிகபட்சம்" என்ற சொல்லை நிலைநாட்ட ஒரு பெரிய கணிதர் எவ்வளவு உழைத்திருக்கிறார் என்று தெரிந்த பிள்ளை, அதை அலட்சியமாகத் தாண்டாது.

சொற்கணக்கில் ஒரு வசதியும் உண்டு. மாறி எதைக் குறிக்கிறது என்பதே பல நேரங்களில் அதன் குறியைச் சொல்லிவிடும். போன மாதம் அதே எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் கொடுத்த கணக்கு: மார்த்தாண்டத்திலிருந்து மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கும் திற்பரப்புக்கும் போய்வர வேன் வாடகை 2,400 ரூபாய். தலைக்கு 150 ரூபாய்க்கு மிகாமல் வர எத்தனை பேர் வேண்டும்? 2400/க ≤ 150 என்று எழுதினாள். பெருக்கப் போனவள் பென்சிலை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "சார், க ஆள் எண்ணிக்கை. அது குறை எண்ணாக வராது, 0ஆகவும் வராது. அப்படியானால் நேராகப் பெருக்கலாம் அல்லவா?"

2400 ≤ 150க. 16 ≤ க. பிறகு நான் சொல்லாமலே 15ஐப் போட்டுப் பார்த்தாள். தலைக்கு 160 வந்தது. அதை அடித்துவிட்டு 16ஐப் போட்டாள்.